சுற்றி வந்தால் வரி குறைவு: தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பக்கத்து நாடுகளை என்ன செய்கிறது?

கொல்லிமலையில் தை, மாசி மாதங்கள் மிளகு பறிப்புக் காலம். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, கொடியிலிருந்து சரம் சரமாகப் பறித்து, காயவைத்து மூட்டை கட்டும்போது விவசாயி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கொச்சியில இன்னிக்கு என்ன விலை?" 2015, 2016 வாக்கில் கிலோ 600, 700 ரூபாய் என்று போன மிளகு, 2018-ல் 400 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அந்த நாட்களில் குடகு முதல் கொல்லிமலை வரை தோட்டங்களில் அடிபட்ட பேச்சு இதுதான்: "வியட்நாம் மிளகு இலங்கை வழியா உள்ளே வருது."

வியட்நாம் மிளகு ஏன் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்? நேரே கப்பல் ஏற்றினால் ஆகாதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், இரண்டு நாடுகள் செய்துகொள்ளும் வர்த்தக ஒப்பந்தம் மூன்றாவது, நான்காவது நாட்டை எப்படிப் பாதிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஒரே மிளகு, மூன்று வரி

வெளிநாட்டு மிளகுக்கு இந்தியா விதித்திருந்த பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். ஆசியான் நாடுகளுடன் நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வியட்நாம் மிளகுக்கான வரி படிப்படியாகக் குறைந்தாலும், 2017-ல் 50 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. இலங்கை மிளகுக்கு நிலைமை வேறு. இந்தியா–இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே கிடையாது. அதற்கு மேல் வந்தால், தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான 'சாஃப்டா'வின்படி 8 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிளகின் இறக்குமதி விலை கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேரே வியட்நாமிலிருந்து வந்தால், வரி 50 சதவீதம் என்றே எடுத்துக்கொண்டாலும் 150 ரூபாய். இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு வந்தால் வரி 24 ரூபாய். வித்தியாசம் கிலோவுக்கு 126 ரூபாய். 10 டன் சரக்குக்கு 12 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். கொழும்பில் இறக்கி, சாக்கை மாற்றி, மறுபடி ஏற்றுகிற செலவெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு 27 உறுப்பு நாடுகளிலும் ஒரே வரி. எந்தத் துறைமுகத்தில் இறக்கினாலும் லாபம் இல்லை. தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அப்படியல்ல. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வரியைக் குறைத்துக்கொள்ளும்; வெளி உலகத்துக்கு அவரவர் வரி அவரவருக்கு. ஆகவே வரி குறைவான நாட்டில் சரக்கை இறக்கி, அங்கிருந்து வரி அதிகமான நாட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றத்தான் செய்யும்.

இதைத் தடுக்கத்தான் 'பிறப்பிட விதி' என்று ஒன்று இருக்கிறது. சரக்கு எந்த நாட்டுச் சரக்கு என்று தீர்மானிக்கும் விதி அது. தொழிற்சாலைப் பொருள் என்றால் அதன் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு அந்த நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தியா–இலங்கை ஒப்பந்தத்தில் அது 35 சதவீதம். மிளகு போன்ற விளைபொருளுக்கு விதி இன்னும் நேரடியானது: அந்த மண்ணில் விளைந்திருக்க வேண்டும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டைக்குள் இருக்கும் மிளகைப் பார்த்து ஊர் சொல்ல முடியாதே! கூட வரும் காகிதத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இது புதுக் கதை இல்லை

மிளகுக்கு முன்பே இந்த வழியில் நடந்துபோன பொருள் வனஸ்பதி.

இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தானது. பிரதமர் வாஜ்பாயும் அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சிறிய நாடு என்பதால் இலங்கைக்குக் கூடுதல் சலுகை கொடுக்கப்பட்டது. இந்தியா மூன்று ஆண்டுகளில் வரியை நீக்கியது. இலங்கைக்கு எட்டு ஆண்டு அவகாசம். சலுகை தரமாட்டோம் என்று இந்தியா ஒதுக்கிவைத்த பொருட்கள் 429. இலங்கை ஒதுக்கிவைத்தவை 1,180.

பலன் உடனே தெரிந்தது. 2000-ல் சுமார் 5 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதி, 2005-ல் சுமார் 56 கோடி டாலரானது. ஐந்தே ஆண்டுகளில் கிட்டத்தட்ட பத்து மடங்கு. இரு நாட்டு அரசுகளும் இதை ஒப்பந்தத்தின் வெற்றி என்று காட்டிக்கொண்டன.

பட்டியலைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அந்த ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி இரண்டே பொருட்கள்: வனஸ்பதி, செம்பு. வனஸ்பதிக்கு வேண்டிய பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தது. செம்புப் பொருட்கள் செய்யப் பழைய செம்பு வெளிநாடுகளிலிருந்து வந்தது. இந்தியாவில் அந்தச் சமயம் கச்சா பாமாயிலுக்கு 80 சதவீதம் வரை வரி. அதே பாமாயிலை இலங்கையில் இறக்கி, வனஸ்பதியாக மாற்றி அனுப்பினால் இந்தியாவில் வரி இல்லை. இந்தியத் தொழிலதிபர்களே அங்கே போய் ஆலை போட்டார்கள். இந்தியாவுக்கு விற்க, இந்தியர்கள், இந்தியாவுக்கு வெளியே போட்ட ஆலைகள் அவை.

இங்கே வனஸ்பதி ஆலைகள் கூக்குரலிட்டன. 2006-ல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. 2008 ஏப்ரலில், விலைவாசி உயர்வைச் சமாளிக்க இந்தியா கச்சா சமையல் எண்ணெய்க்கான வரியையே எடுத்துவிட்டது. வரி வித்தியாசம் மறைந்தது. அதை நம்பி நின்ற ஆலைகளும் மறைந்தன. 2009-ல் இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதி சுமார் 32 கோடி டாலருக்கு இறங்கிவிட்டது. ஆலை போட்டவர்கள் வேறு தொழில் பார்க்கப் போனார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் போக்கிடம் எது என்பதை ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

விளைவது வெளியே, விளையாதது உள்ளே

இந்தக் கதையில் நம்மை உறுத்த வேண்டிய இடம் வேறொன்று.

இலங்கை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேயிலை. அந்நாட்டின் பெரிய தொழில் ஆயத்த ஆடை. இவை இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் என்ன கிடைத்தது? தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை மட்டும், அதுவும் பாதி வரிச் சலுகை. ஆரம்பத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாகத்தான் வர வேண்டும் என்று வேறு நிபந்தனை. ஆயத்த ஆடைக்கு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படிகள். அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். இங்கும் துறைமுகக் கட்டுப்பாடு. தேயிலை கோட்டாவின் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது. ஆடைக்கான கெடுபிடிகள் தளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

நீலகிரித் தேயிலை விவசாயியையும் திருப்பூர் தையல் தொழிலாளியையும் காப்பாற்றத்தானே அந்த வேலி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நடந்தது என்ன? பக்கத்து வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்தபோது வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டோம். யாரோ ஒருவர் அவர் வீட்டு வழியாகக் கொண்டுவந்ததைக் கேட்காமல் உள்ளே விட்டோம். ஒப்பந்தம் யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களுக்கு அதன் பலன் போய்ச் சேரவில்லை.

நேபாளத்தில் இரண்டு முறை

நேபாளத்தில் இதே கதை இலங்கைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1996-ல் இந்தியா–நேபாள வர்த்தக உடன்படிக்கை திருத்தப்பட்டபோது, உள்நாட்டு மதிப்புப் பங்கு பற்றிய நிபந்தனை தளர்த்தப்பட்டது. வனஸ்பதி, செம்புப் பொருட்கள், அக்ரிலிக் நூல் என்று சரக்கு குவியத் தொடங்கியது. 2002-ல் உடன்படிக்கையைப் புதுப்பிக்கும்போது இந்தியா நிபந்தனைகளை இறுக்கி, இந்தப் பொருட்களுக்கு உச்சவரம்பும் வைத்தது. வனஸ்பதிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்.

அடுத்த சுற்று 2019-ல் வந்தது. இந்தியாவுக்கான நேபாள ஏற்றுமதியில் சுத்திகரித்த பாமாயில் முதலிடத்துக்கு ஏறியது. நேபாளத்தில் எண்ணெய்ப் பனைத் தோட்டம் கிடையாது. வெளியிலிருந்து கச்சா எண்ணெய் வாங்கி, சுத்திகரித்து, சாஃப்டா சலுகையில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 2020 ஜனவரி 8-ல் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியை இந்தியா கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சமயம் நமக்கு உரசல் மலேசியாவோடு. ஆனால் கல் நேபாளத்தின் மேலும் விழுந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏற்றுமதி சட்டென்று நின்றது. பாமாயில் நின்றதும் ஆலைகள் சோயா எண்ணெய்க்கு மாறின. அது பட்டியலின் உச்சிக்கு வந்தது.

அதன் பிறகும் இதேதான். 2024 செப்டம்பரில் இந்தியா தன் எண்ணெய்வித்து விவசாயிகளுக்காகச் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியதும், நேபாளத்திலிருந்து சோயா எண்ணெய் வரத்து மறுபடி பெருகியது. 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய் வரி குறைக்கப்பட்டதும் கணக்கு மறுபடி மாறியது. தில்லியில் ஒரு அறிவிப்பு வந்தால் நேபாளத்தில் ஆலை திறக்கிறது. இன்னொரு அறிவிப்பு வந்தால் மூடுகிறது. ஒரு நாட்டின் தொழில்துறை இப்படியா இருக்க வேண்டும்?

திருப்பூரும் டாக்காவும்

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணமும் உண்டு. 2011-ல் தெற்காசியாவின் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தியா தன் சலுகை மறுப்புப் பட்டியலை வெறும் 25 பொருட்களாகச் சுருக்கியது. வங்கதேசத்து ஆயத்த ஆடை வரியில்லாமல் வரத் தொடங்கியது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, அதுவரை இறக்குமதியின் மேல் இருந்த ஈடுகட்டும் வரியும் போய்விட்டது. "சீனத் துணி வங்கதேசத்தில் தைக்கப்பட்டு, வரியே இல்லாமல் நம் கடைக்கு வருகிறது" என்பது திருப்பூரின் நெடுநாள் புகார்.

புகாரில் நியாயம் உண்டு. பின்தங்கிய நாடு என்பதால் வங்கதேசத்துக்கு 30 சதவீத உள்நாட்டு மதிப்பு இருந்தாலே போதும். துணி எங்கிருந்து வந்தாலும் தையல் அங்கே நடந்தால் விதியை எட்டிவிடலாம். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வங்கதேச ஆடை ஆலைகள் வாங்கும் பஞ்சிலும் நூலிலும் பெரும்பங்கு இந்தியாவுடையது. அதில் தமிழகத்து நூற்பாலைகளின் நூலும் உண்டு. 2025 ஏப்ரலில் தரைவழியாக இந்திய நூல் வருவதை வங்கதேசம் நிறுத்தியது. மே மாதம் வங்கதேச ஆடை தரைவழியாக வருவதை இந்தியா நிறுத்தியது. தையல்காரருக்குச் சாதகமாக எடுத்த முடிவு நூற்பாலைக்காரரையும், நூற்பாலைக்குச் சாதகமான முடிவு தையல்காரரையும் இடிக்கும். அக்கம்பக்கத்து வியாபாரத்தில் ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்து அடிக்க முடியாது.

மிளகுக்கு என்ன ஆனது?

மறுபடி மிளகுக்கு வருவோம். விவசாயிகளின் குரல் ஓங்கியதும், 2017 டிசம்பரில் மத்திய அரசு குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று கிலோவுக்கு 500 ரூபாய் நிர்ணயித்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான விலைக்கு இறக்குமதி செய்யவே தடை போட்டது. இலங்கை அரசும் 2017 இறுதியில், மிளகை வெளியிலிருந்து வாங்கி மறு ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது.

இது சுற்றுவழிச் சரக்குக்குப் போட்ட கடிவாளம்தான். ஆனால் மாத்தளையிலும் கண்டியிலும் சொந்த நிலத்தில் மிளகு வளர்க்கும் சிறு விவசாயிக்கும் அதே கடிவாளம். இலங்கை மிளகில் காரத்துக்குக் காரணமான பைப்பரின் சத்து அதிகம். அதிலிருந்து சாறு எடுக்கும் இந்திய ஆலைகள் அதைத் தேடி வாங்குகின்றன. இலங்கை மிளகுக்கு மிகப் பெரிய சந்தை இந்தியாதான். தவறு செய்தவர் மூட்டையை மாற்றிய வியாபாரி. தண்டனையோ விளைவித்தவருக்கும் சேர்த்து.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மிளகு விலை இறங்கியதற்கு இலங்கை வழி ஒன்று மட்டும் காரணம் இல்லை. உலகின் முதன்மை மிளகு நாடாக வியட்நாம் வளர்ந்து, உற்பத்தியைப் பல மடங்கு பெருக்கியதால் உலகச் சந்தையிலேயே விலை சரிந்தது. எல்லையை முழுதாக அடைத்திருந்தாலும் ஏற்றுமதி சந்தையில் நம் மிளகு அந்த விலையோடுதான் மோதியிருக்க வேண்டும். எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் மேல் போட்டால், கொடி வாடல் நோயும் குறைந்த மகசூலும் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அப்படியானால் ஒப்பந்தமே வேண்டாமா?

'வேண்டாம்' என்று சொல்வது எளிது. 2019 நவம்பரில் 'ஆர்செப்' எனும் ஆசிய–பசிபிக் நாடுகளின் பெரிய ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியபோது, பிறப்பிட விதியை ஏமாற்றிச் சரக்கு உள்ளே வரும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் நாம் வெளியே நின்றதால் சுற்றுவழி அடைபட்டுவிடவில்லை. 15 நாடுகள் சேர்ந்த அந்த ஒப்பந்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர இலங்கை 2023-ல் விண்ணப்பித்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் தாய்லாந்தோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. பக்கத்து நாட்டின் கதவுகள் கிழக்கே திறக்கத் திறக்க, அங்கிருந்து நம் பக்கம் வரும் சரக்கு எந்த ஊருடையது என்ற கேள்வியும் கூர்மையாகும்.

தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வியாபாரம் அவற்றின் மொத்த வியாபாரத்தில் சுமார் 5 சதவீதம்தான். சாஃப்டா நடைமுறைக்கு வந்தது 2006-ல். இவ்வளவு ஆண்டுகள் ஆகியும் இதே நிலை. ஒப்பந்தம் அதிகமாகிப்போனது நம் பிரச்சினை இல்லை. இருக்கிற ஒப்பந்தம் தவறான சரக்குக்கு உதவுவதுதான் பிரச்சினை.

இந்தியா இதில் சும்மா இருந்துவிடவில்லை. 2020 செப்டம்பர் 21 முதல் புதிய சுங்க விதிகள் வந்தன. சான்றிதழ் மட்டும் போதாது. பொருள் எப்படி, எங்கே தயாரானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சுங்கத்துறை கேட்கும். இது சரியான திசை. இதற்கு மேல் மூன்று காரியங்கள் செய்தாக வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, விளைச்சல் கணக்கையும் ஏற்றுமதிக் கணக்கையும் இரு நாடுகளும் பருவத்துக்குப் பருவம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டில் விளைந்ததைவிட அதிக மிளகு அங்கிருந்து வந்தால், அதைக் கண்டுபிடிக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒரு கூட்டுக்குழுவும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

இரண்டாவது, இந்தியா ஒரு பொருளுக்கு வரியை உயர்த்தும்போதே, பக்கத்து நாட்டு வரியோடு எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்க்க வேண்டும். இடைவெளி பெரிதானால் சுற்றுவழி நிச்சயம். சரக்கு குவிந்த பிறகு பதறிப்போய் ஒரே நாளில் கதவைச் சாத்துவதைவிட, முன்கூட்டியே சொல்லி, அளவு வைத்து, அவகாசம் கொடுத்துக் குறைப்பது நல்லது. நமக்கு அது ஒரு அறிவிக்கை. பக்கத்துச் சிறிய நாட்டுக்கு அது ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு.

மூன்றாவது, அந்தந்த நாட்டில் உண்மையிலேயே விளைகிற, தயாராகிற பொருளுக்கு வழியைத் தாராளமாக்க வேண்டும். வனஸ்பதியும் செம்பும் போன பிறகு, இலங்கையின் ஏற்றுமதிப் பட்டியலில் மின்கம்பி வடம், கால்நடைத் தீவனம், ஆடை, வாசனைப் பொருட்கள் என்று அங்கேயே வேலை நடக்கிற பொருட்கள் இடம் பிடித்தன. ஒப்பந்தம் நின்று நிலைக்க வேண்டுமானால் அந்தப் பட்டியல்தான் நீள வேண்டும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 'எட்கா' எனும் விரிவான பொருளாதார ஒப்பந்தம் பற்றிய பேச்சு 2016-ல் தொடங்கி விட்டுவிட்டு நடக்கிறது. பெரிய நாட்டுச் சரக்கும் ஆட்களும் வந்து குவிவார்கள் என்ற பயம் அங்கே. மூன்றாம் நாட்டுச் சரக்கு வந்து குவியும் என்ற பயம் இங்கே. இரண்டு பயத்துக்கும் பழைய ஒப்பந்தத்தின் 25 ஆண்டு அனுபவம்தான் மருந்து. எங்கே ஓட்டை இருந்தது, யார் லாபம் பார்த்தார்கள், யார் வேலை இழந்தார்கள் என்ற கணக்கை முதலில் மேசையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.

கொல்லிமலை விவசாயியும் மாத்தளை விவசாயியும் ஒருவருக்கொருவர் எதிரி இல்லை. இருவர் மிளகும் மலையில் விளைகிறது. இருவரும் கொச்சி விலையைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் நடுவே சாக்கை மாற்றிக்கொண்டிருப்பவரை அடையாளம் காண்பதற்கு இரு அரசுகளும் சேர்ந்து மெனக்கெட வேண்டும்.